கத்தாத ஆடு

டாக்டர் முனிரத்தினம் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார் என்று போன வாரம் சொல்லியிருந்தோம். அந்தப் பேனா மூடிக்கொண்ட சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்டது. எப்படிக் கேட்டது என்று குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். வேலூரில் இந்த மாதிரிச் சத்தங்களுக்கு டெலிபோன் தேவையில்லை.

நடுவில் ஊருக்குப் போய்விட்டு வந்து இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாக.

ஜேக்கப்புக்கும் தேவகிருபைக்கும் ஒரே மகள் இன்பம். முப்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது பற்றித் தெருவில் நாலைந்து கட்சிகள் உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். காலேஜில் மருந்தியல் ஆராய்ச்சி. பல வருஷமாக, விடிந்தும் விடியாததுமாக ஐஸ் போட்ட பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு, ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டிக்குப் போவாள். சூடு ஆறுவதற்குள் ஒரு மூளையை எடுத்து ஐஸில் வைத்து, ரிக்‌ஷாவில் ஏறிப் பறப்பாள். மீன்காரம்மா, கீரைக்காரம்மா வரிசையில் எங்கள் தெரு அவளுக்கு வைத்த பெயர் மூளைக்காரம்மா. முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். அந்த மட்டும் எங்களுக்கு மரியாதை தெரியும்.

ஆராய்ச்சி இன்னதென்று ஜேக்கப்பைக் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லுவார். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் அவர் பினிஷிங் சூப்பர்வைசர். காலை ரயிலில் காட்பாடியிலிருந்து அவரோடு வருகிற ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர்கள் அத்தனை பேருக்கும் நரம்புப் பாடம் மனப்பாடம்.

“நரம்பு நுனி இருக்குதுல்ல, அது அடுத்த நரம்புக்குச் சேதி சொல்றதுக்காக ஒரு ரசாயனத்தைக் கக்குது. நாரட்ரினலின். கக்கிக்கினே இருந்தா இன்னா ஆவும்? ஆளு பேஜாராய்டுவான். அதனால அந்த நுனியிலயே ஒரு காது வெச்சிருக்காரு ஆண்டவர். ரிசெப்டார்னு பேரு. தான் கக்கினது தன் காதுக்கே கேட்டுச்சுன்னா, போதும்டான்னு நிறுத்திக்கும். என் பொண்ணு இன்னா பண்றா? அந்தக் காதுல பஞ்சு அடைக்கிறா. காது கேக்கலன்னா நுனி பேசிக்கினே போவும். எவ்ளோ ஜாஸ்தியா பேசுதுன்னு அளந்து வெக்கிறா.”

பஞ்சு என்று அவர் சொல்வதும் ஒரு மருந்துதான். வெளிநாட்டுக்காரர்கள் எலியில் பார்த்த இந்தக் காது ஆட்டுக்கும் உண்டு, பசியையும் பயத்தையும் தூக்கத்தையும் கட்டியாள்கிற மூளையின் அடிப்பக்கத்தில் அது இன்னும் கூர்மை என்று காட்டினவள் இன்பம். “பேசினது போதும்னு தானா நிறுத்திக்கிற புத்தி ஆட்டுக்குக்கூட இருக்குது” என்று தேவகிருபை ஒரு நாள் குழாயடியில் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

சந்தேகம் வந்தது மெட்ராஸிலிருந்து பரீட்சை செய்ய வந்த முனிரத்தினத்துக்குத்தான். “உன் கிராப் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்குதும்மா. இவ்வளவு அழகா ஆடு பதில் சொல்லுமா? என் கண்ணு முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டு” என்றார். காட்டினால் அன்றைக்கே கையெழுத்து. காட்டாவிட்டால் டாக்டர் பட்டத்துக்கு அவள் எழுதின புத்தகம் முழுவதும் திரும்பி வரும். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்கு வேண்டிய கதிரியக்க நாரட்ரினலின் பம்பாய் வழியாக வந்து சேர மாதக்கணக்காகும். கையில் இருப்பது கடைசிக் குப்பி. உடைத்த அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

நாள் குறித்தது இன்பமேதான். “வியாழக்கிழமை பக்ரீத்தாச்சே, பரவாயில்லையா?” என்று ஆபீஸில் கேட்டதற்கு, “பக்ரீத் அன்னிக்கு ஆட்டுக்கா பஞ்சம்?” என்று சிரித்தாளாம்.

பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்கிற தப்பும் கொஞ்சம் பெரியதாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் அப்பாவும் மகளும் ஆட்டுத்தொட்டி வாசலில் நின்றார்கள். கேட்டில் பூட்டு. ஒரு நாய்கூட இல்லை.

“இன்னாய்யா, ஒருத்தரையும் காணோம்?” என்று எதிரே டீக்கடையில் கேட்டார் ஜேக்கப்.

“இன்னிக்கு யாரு சார் வருவா? கறி போடறவங்க எல்லாம் குர்பானி ஆடு அறுக்க வூடு வூடா போய்ட்டாங்க. பொழுது சாயற வரைக்கும் அவங்களுக்குத் தண்ணி குடிக்க நேரம் இருக்காது.”

இன்பம் பிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஊர் முழுக்க ஆடு; அவளுக்கென்று ஒன்று இல்லை.

“அழுவாத. எதிர்வூட்டு பாய் ரெண்டு கட்டி வெச்சிருக்காரே” என்றார் ஜேக்கப்.

“நான் அழலைப்பா.”

“அப்ப நான்தான் அழுவுறேன். ஏறு ரிக்‌ஷாவுல.”

எதிர்வீட்டு வாஹித் பாஷா பச்சைத்தோல் வியாபாரி. தெருவில் டெலிபோன் உள்ள ஒரே வீடு, கார் உள்ள ஒரே வீடு. அவருக்கு மருந்துக்குக்கூடக் கர்வம் கிடையாது. கர்வத்தை அவர் மனைவி அஃப்ஸர் ஜஹான் மொத்தமாக எடுத்துக்கொண்டு, அவருக்குச் சிரமம் வைக்காமல் பார்த்துக்கொள்கிறாள். இந்த வருஷம் இரண்டு ஆடு வாங்கியிருந்தார்கள். ஒன்று பாய் பேரில், வாசலில் கட்டியிருந்தது. இன்னொன்று அஃப்ஸர் ஜஹான் பேரில், கொல்லைப்புறத்தில்.

வாசல் ஆடு வந்த நாளிலிருந்து கத்தின கத்தலை எங்கள் தெரு மறக்காது. இன்பத்தின் ஜன்னலுக்கு நேர் எதிரே கட்டியிருந்தார்கள். பரீட்சைக்காகப் படிக்கிற பெண்ணுக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று. கண்ணுக்கு அடியில் கருவளையம் விழுந்தது. பிறகு திடீரென்று ஒரு நாள் ஆடு நிறுத்திவிட்டது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் முன்வரிசைக் கமிட்டி மெம்பர் மாதிரி நின்றது. கொஞ்சம் கழிச்சல் இருந்தது. தண்ணீர் மாறினதால் என்றார்கள். தேவகிருபை தினம் சாயங்காலம் ஒரு கை ஊறவைத்த கடலை கொண்டுபோய்க் கொடுத்து, கழுத்தைத் தடவிவிட்டு வருவாள். ரிட்டயரான நர்ஸ் அல்லவா, கருணை போகவில்லை என்று பேசிக்கொண்டோம்.

ஈத்கா தொழுகை முடிந்து அத்தர் மணக்க வந்த பாஷாவை வாசலிலேயே மடக்கினார் ஜேக்கப்.

“பாய், ஈத் முபாரக். ஒரு உபகாரம். தலை வேணும்.”

“யார் தலை, ஜேக்கப் சார்?”

விஷயத்தைச் சொல்லிக்கொண்டே ஜேக்கப்பின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பாஷா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“குர்பானில விக்கிறது, வாங்கறது கிடையாது சார். கேட்டா குடுப்போம். அதுவும் நம்ம இன்பம் படிப்புக்கு! வாசல்ல இருக்கிறதை முதல்ல அறுக்கச் சொல்றேன். மத்தது மத்தியானம்தான், ஆளு கிடைக்கல.”

இதைக் கேட்டுக்கொண்டு எதிரே நின்ற தேவகிருபையின் முகம் போன போக்கைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் சாட்சி இருக்கிறார்கள்.

“இன்னாங்க,” என்று கணவனை ஓரமாக இழுத்தாள். “கொல்லையில கட்டினதைக் கேக்கக் கூடாதா?”

“அதுக்கு ஆளு மத்தியானம்தான் வராராம். ஆட்டுல இன்னாடி வாசலு, கொல்லை?”

“இல்ல, இது கொஞ்சம் சோர்ந்தாப்பல...”

“உனக்கு எதுலயாவது ஒரு நொட்டை சொல்லணும்!” என்று கத்தினார். அந்த ஒரு வாரமாகவே ஜேக்கப் எல்லாவற்றுக்கும் கத்திக்கொண்டிருந்தார். தேவகிருபை வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம். ஒவ்வொரு நிமிஷமும் தாமதமாகிவிட்டது போலத் தோன்றியதாம்.

இன்பம் தன் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். இதில் மட்டும் அவளைக் கேலி செய்ய எங்களுக்கு வாய் வராது. அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும். ஓட்டைத் திறந்து, கீறல் படாமல் மூளையைத் தூக்கி ஐஸில் இறக்கிவிட்டு எழுந்தபோது, கறி போடுகிறவர், “நம்ம தொழிலுக்கு வந்துடுங்கம்மா” என்றார். பாஷாவின் கார் அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிற்று.

காலேஜில் நடந்ததை ஜேக்கப் பார்த்துவந்து சொன்னார். நாங்கள் ஒன்றும் சேர்க்கவில்லை. கொஞ்சம்தான் சேர்த்தோம்.

மூளையின் அடிப்பக்கத்தைத் தாள் போல மெல்லிசாகச் சீவி, அந்தக் கதிரியக்க மருந்தில் ஊறவைத்துக் கழுவி, சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் வைத்தாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் அதன்மேல் சொட்டிக்கொண்டே ஓடும். லேசாக மின்சாரம் கொடுத்தால் நரம்பு நுனிகள் மருந்தைக் கக்கும். வடிகிற தண்ணீரைச் சேர்த்து மெஷினில் வைத்தால் எவ்வளவு கக்கின என்று அது சொல்லிவிடும்.

முனிரத்தினம் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மின்சாரம் கொடுத்தாள். மெஷின் எண்ணியது. கிராப் தாளில் புள்ளி வைத்தாள். மறுபடி கொடுத்தாள். புள்ளி வைத்தாள்.

மலை ஏறி இறங்க வேண்டிய கோடு, பாலாற்று மணல் மாதிரித் தட்டையாகக் கிடந்தது.

காதை அடைக்கிற மருந்தை விட்டாள். இரண்டு பங்கு ஏற வேண்டும். அசையவில்லை.

கதவோரம் நின்ற ஜேக்கப் வாய்க்குள்ளே ஜெபம் பண்ண ஆரம்பித்தார். ஜெபமும் சத்தமாகத்தான் வந்தது. “சார், கொஞ்சம் வெளிய நிக்கறீங்களா?” என்றார் முனிரத்தினம்.

பிறகு இன்பத்தைப் பார்த்தார். “திசு செத்துப் போச்சும்மா. வர்ற வழியில லேட்டாயிருக்கும். விடு. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

இன்பம் குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மெஷின் கொடுத்த எண்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

“சாகலை சார்.”

“பின்ன?”

“மூச்சு விடுது. ஆக்ஸிஜன் எடுத்துக்கற அளவு எப்பவும் போலதான் இருக்குது. நான் குடுத்த மருந்தை வாசல்ல வாங்கவும் வாங்குது. ஆனா உள்ள வெச்சுக்கத் தெரியல. வாங்கினதை வாங்கின இடத்துலயே அழிச்சுடுது. வடியற தண்ணியில வர்றது அத்தனையும் அழிஞ்ச சரக்கு.”

“அதுக்கு?”

“கடை தொறந்திருக்குது சார். கல்லாவுல ஆளும் இருக்காரு. கொடவுன்தான் காலி. காலி பண்ணது மட்டும் இல்ல, புதுச் சரக்கும் ஏத்த முடியாம பூட்டி வெச்சிருக்காங்க. கக்கறதுக்கே ஒண்ணும் இல்லன்னா, காதை அடைச்சு இன்னா பிரயோசனம்?”

முனிரத்தினம் கட்டின கையை அவிழ்த்தார்.

“கொடவுனைப் பூட்டற மருந்து எதும்மா?”

“ரெசர்பின். சர்ப்பகந்தா வேர்ல இருந்து எடுக்கறாங்களே, அது.”

“அது மனுஷனுக்குக் குடுக்கற பி.பி. மாத்திரையாச்சே.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆட்டுக்கு யாரும்மா பி.பி. மாத்திரை குடுப்பாங்க?”

பாதி மூடின கண். கழிச்சல். கத்தலை ஒரே நாளில் நிறுத்தின ஆடு. சாயங்காலச் சாயங்காலம் ஒரு கை ஊறவைத்த கடலை. இன்பம் ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினாளாம்.

“எங்க அம்மா” என்றாள்.

பாஷா வீட்டு டெலிபோன் மணி அடித்தபோது கூடம் நிறைய விருந்தாளிகள். இந்தக் கட்டம் மட்டும் யாரும் ஒப்பிக்கத் தேவையில்லை. தெருவில் பாதிப் பேர் அந்தக் கூடத்தில்தான் இருந்தோம். மீதிப் பேர் ஜன்னலில்.

“சிஸ்டரம்மாவைக் கூப்புடுங்க, இன்பம் பேசுது!” என்றார் பாஷா.

தேவகிருபை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ரிசீவரை வாங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்தாள். டெலிபோன் இலாகாவுக்கு அதெல்லாம் பிடிக்காது. மெதுவாகப் பேசினால் அந்தப் பக்கம் கேட்காது.

“ஆமா... ஆமாம்மா...”

“...”

“ஆமாங்கறேன்.”

“...”

“ஆமா! குடுத்தேன்! பி.பி. மாத்திரை! அப்பாவோடது! ஆட்டுக்குத்தான்! வாசல் ஆட்டுக்கு! கடலையில பொடி பண்ணி! ஒரு வாரமா!”

கூடத்தில் கரண்டி தட்டில் படுகிற சத்தம்கூட நின்றது.

“நீ தூங்கல இன்பம்! நீ தூங்கவே இல்ல! பரீட்சை வெச்சுக்கினு எத்தினி ராத்திரி முழிச்சிருப்ப? அதான்...” ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “கெடுத்துட்டனாம்மா?”

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ. ரிசீவரை வைத்தாள். திரும்பினாள். கூடத்தில் அத்தனை கண்ணும் அவள்மேல்.

“ஆபா,” என்றாள் அஃப்ஸர் ஜஹானைப் பார்த்து. அக்காவைக் கூப்பிடுகிற அந்த உருது வார்த்தை ஒன்றுதான் அவளுக்குச் சரளமாக வரும். அதற்கு மேல் எந்த பாஷையிலும் வரவில்லை.

அஃப்ஸர் ஜஹான் எழுந்திருக்கவில்லை. “அரே சிஸ்டர்! குர்பானி ஆட்டுக்கு நோய் நொடி இருக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? பக்கத்துல எத்தினி வருஷமா இருக்கோம்?”

“பல்லு பாத்தேன், காது பாத்தேன், காலு பாத்தேன்,” என்று பாஷா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “நல்லாத்தான் தின்னுச்சு. சாதுவான ஆடுன்னு நானும்...” நிறுத்திக்கொண்டார். அது பாய் பேரில் அறுத்த ஆடு. கறி பங்கு பிரித்துப் பாதித் தெருவுக்குப் போயும் விட்டது.

ஒரு விருந்தாளி தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். “சாப்புடலாமா, கூடாதா?”

“பயப்படாதீங்க,” என்றார் பாஷா. “எனக்கும் பி.பி.தான். ரெண்டு துண்டு ஜாஸ்தியா தின்னுட்டு இன்னிக்கு மாத்திரையை விட்டுட்றேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் சொன்னது. வாசலில், ஆடு இல்லாத முளைக்குச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்பம் இன்னா சொல்லுது?” என்றார் கடைசியில்.

“இன்னொரு ஆடு வேணுமாம். மாத்திரை தின்னாத ஆடு. குப்பியில மருந்து மிச்சம் இருக்குதாம், டாக்டரு சாயங்கால ரயிலுக்குப் போறதுக்குள்ள செஞ்சு காட்டணுமாம்.”

பாஷா மனைவியைப் பார்த்தார். அது அவள் பேரில் உள்ள ஆடு. அஃப்ஸர் ஜஹான் தேவகிருபையை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அதுக்கும் கடலை குடுத்தீங்களா?”

“இல்ல ஆபா. சத்தியமா. அது கத்தினா எங்க வூட்டுக்குக் கேக்காது.”

“எங்க வூட்டுக்குக் கேக்குது,” என்றாள் அஃப்ஸர் ஜஹான். “நாங்க யாருக்கும் மாத்திரை குடுக்கல.” அப்புறம் கணவனிடம், “வண்டியை அனுப்புங்க. பொண்ணு படிப்பு நிக்கக் கூடாது. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்” என்றாள்.

அந்த ‘அப்புறம்’ காதில் விழுந்ததும் தேவகிருபை வந்த வழியே வாசல்வரைக்கும் போய் நின்றுகொண்டாள்.

கார் திரும்பி வந்தபோது இன்பம் இறங்கினாள், ஜேக்கப் இறங்கினார், பின்னாலேயே டாக்டர் முனிரத்தினமும் இறங்கினார். மெட்ராஸ் பரீட்சைக்காரர் எங்கள் தெருவில்! இந்தத் தடவை தன் கண்ணால் ஆட்டைப் பார்க்காமல் நம்பமாட்டாராம். கொல்லைப்புறம் போய் நின்றார். ஆடு அவரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திற்று.

“இது கத்துது. நல்லது” என்றார்.

தேவகிருபை கதவோரத்தில் நின்றாள். ஜேக்கப் அவளை நெருங்கினார்.

“ஏன்டி, ஒரு வாரமா எனக்குக் குடுத்த மாத்திரை?”

“பாதி.”

“பாதியா? அதான் நான் எல்லார் மேலயும் வள்ளுவள்ளுன்னு விழுந்துக்கினு இருந்தனா?”

“ஆடு கத்தறது நின்னுச்சு. நீங்க ஆரம்பிச்சீங்க. இன்னா பண்றது, ஒருத்தருக்குத்தான் மாத்திரை இருந்துச்சு.”

முனிரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். தோள் குலுங்குவதை மறைக்க வேறு வழி தெரியவில்லை அவருக்கு.

அந்த ஆட்டின் மூளையையும் எடுத்து ஐஸில் இறக்கின இன்பம் போகிறபோது, பிளாஸ்க் இல்லாத கையால் அம்மா தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். கோபமா, சமாதானமா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

சாயங்காலம் காலேஜில் கோடு மலை ஏறியது.

மின்சாரம் தட்டினதும் ஏறி, தானே அடங்கி இறங்கியது. காதை அடைக்கிற மருந்தை விட்டதும் அடங்க மறந்து இரண்டு பங்கு ஏறியது. காதைக் கிள்ளிவிடுகிற இன்னொரு மருந்தை விட்டதும் பெட்டிப் பாம்பாக அடங்கியது. பழைய கிராப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் முனிரத்தினம். அதே இஸ்திரி, அதே மடிப்பு.

பேனாவை எடுத்தார். ஆனால் உடனே போடவில்லை.

“காலையில வந்த தட்டைக் கோடு எங்க?”

இன்பம் நீட்டினாள்.

“இதையும் உன் புத்தகத்துல சேரு. இது இல்லாம நான் போட மாட்டேன்.” தட்டைக் கோட்டின்மேல் விரலை வைத்தார். “நல்லா வந்ததுக்குக் காரணம் எல்லாரும் சொல்லுவாங்க. வராததுக்குச் சொன்னவங்களை நான் கம்மியாதான் பாத்திருக்கேன். ஒரு நரம்பு நுனியைப் பாத்து, யார் வூட்டுல, எந்த மாத்திரை, எதுல கலந்து குடுத்தாங்கங்கற வரைக்கும் சொன்னவங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை பேனா மூடின சத்தம் நிஜமாகவே எங்கள் தெருவுக்குக் கேட்டது. ஜேக்கப் காரில் தலையை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டே வந்தார் அல்லவா, அதைச் சொல்கிறோம். குழாயடியில் குடங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். மூளைக்காரம்மா என்று பெயர் வைத்தது யார் என்ற கேள்விக்கு அன்றைக்கு உரிமை கொண்டாட ஏழெட்டுப் பேர் கிளம்பினார்கள். எங்கள் தெருப் பெண், எங்கள் தெரு ஆடு. உலகத்தில் எந்தக் காலேஜுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

எல்லாம் சரி. தட்டு வரவில்லை.

ஒவ்வொரு பக்ரீத்துக்கும் எதிர்வீட்டிலிருந்து பிரியாணித் தட்டு மத்தியானமே வந்துவிடும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்த வீட்டுக் கேக்கு அங்கே போகும். இத்தனை வருஷத்தில் தவறியதில்லை. இருட்ட ஆரம்பித்தது. தேவகிருபை விளக்கைப் போட்டுவிட்டு, வாசல் கதவை விரியத் திறந்து வைத்து, சமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஜேக்கப்புக்குப் பசி, கேட்கப் பயம். மகள் டாக்டரான வீடு, துஷ்டி வீடு மாதிரி இருந்தது.

எதிரே கதவு திறந்தது.

வழக்கமாகத் தட்டை வேலைக்காரிதான் கொண்டுவருவாள். அஃப்ஸர் ஜஹானே தெருவைக் கடந்து வந்ததை நாங்கள் பார்த்தது இதுதான் முதல் தடவை. மேஜைமேல் தட்டை வைத்தாள். மூடியிருந்த துணியைத் தானே எடுத்தாள். ஆவி எழுந்தது.

“இது என் பேர்ல அறுத்தது. இதுல ஒரு சந்தேகமும் இல்ல. சாப்புடுங்க.”

தேவகிருபைக்கு அடக்கிவைத்திருந்த அழுகை வந்துவிட்டது. “ஆபா, பாயோடது...”

“அதுதான்.” அஃப்ஸர் ஜஹான் உட்காரவில்லை. “அவரு இன்னும் ஒரு வாய் சாப்புடல. தன்னோட குர்பானி கூடுமா, கூடாதா, மறுபடி குடுக்கணுமான்னு அதே நினைப்பு. குர்பானி குடுக்க நாளைக்கும் நாளன்னிக்கும்தான் டைம் இருக்குது. காலையில பள்ளிவாசல் ஹஜ்ரத்து கிட்ட கேக்கப் போறாரு. ஹஜ்ரத்து சொல்லி அனுப்பிட்டாரு, டாக்டரையும் கூட்டினு வரணுமாம்.”

“எந்த டாக்டரை?” என்றார் ஜேக்கப்.

“க்யா கேள்வி சார் இது?” மோவாயை இன்பம் இருந்த பக்கம் நீட்டினாள். “இந்த டாக்டரைத்தான்.”

அந்த வார்த்தையை முதல் முதலாக அவள் வாயிலிருந்து கேட்டதும் ஜேக்கப் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். யாரோ தேசியகீதம் போட்டது மாதிரி.

“இன்னா கேப்பாரு காலாம்மா?” என்றாள் இன்பம். அம்மாவுக்கு ஆபா, மகளுக்குக் காலாம்மா, அதாவது பெரியம்மா.

“அந்த ஆடு நோயாளியா, இல்ல நல்ல ஆடு மருந்துல மயங்கி நின்னுச்சா. அதை நீதான் சொல்லணும். உன் வார்த்தையை வெச்சுத்தான் அவரு முடிவு சொல்லுவாரு.”

இன்பம் பிரியாணித் தட்டைப் பார்த்தாள். காலையில் பார்த்த தட்டைக் கோடு மனசில் வந்தது. கொடவுன் காலியான ஒரு மூளை. அதைக் காலியில்லை என்று சொல்ல அவளால் முடியாது. சொன்னால் இன்று வாங்கின கையெழுத்துக்கே அர்த்தமில்லை. உள்ளதைச் சொன்னால் பாயின் குர்பானி கூடாது என்று ஆகிவிடலாம்; எதிர்வீட்டில் அவர் இன்னும் சாப்பிடாமல் இருக்கிறார்.

“வர்றேன்” என்றாள்.

தேவகிருபை எழுந்தாள். ஜன்னல் மாடத்தில் இருந்த மாத்திரை டப்பாவை எடுத்து, தண்ணீரோடு கணவன் முன்னால் வைத்தாள். முழு மாத்திரை.

“போடுங்க,” என்றாள். “நாளைக்கு நானும் வர்றேன். அங்க நீங்க கத்தக் கூடாது.”